வண்டிக்கு அடியில் தொங்கிய மூங்கில் குழாய்

என் வீட்டில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மருமகள் கேட்டால் எடுத்துத் தருவேன், இடத்தைச் சொல்ல மாட்டேன். போன வாரம் பேத்தி என் மூக்குக் கண்ணாடியை வீடெல்லாம் தேடி, கடைசியில் உளுந்து டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"இத யாரு தூக்கிக்கினு போவப் போறாங்கன்னு உளுந்துக்குள்ள பொதச்சி வச்சிருக்க, ஆயா?"

யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். கை கேட்க வேண்டுமே.

சிலருக்குப் பூக்கட்டுவதில் பொழுது போகும், சிலருக்குப் பல்லாங்குழியில் போகும். எனக்கு ஒளித்து வைப்பதில். படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது, எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். ஆனால் இந்த ஒரு வித்தையில் என்னை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரே ஒரு தடவைதான் அது என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. என் அண்ணன் கல்யாணத்தன்று.

எங்கள் ஊர் பாகூர் ஏரிக்குத் தெற்கே. அம்மா பிறந்த ஊர் பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம், கடலூரைச் சேர்ந்தது. மாட்டு வண்டியில் போனால் இரண்டு மணி நேரம். சோரியாங்குப்பத்தைத் தாண்டி ஆற்றில் இறங்கி ஏறினால் மாமா வீட்டுத் தென்னை மரங்கள் தெரியும். ஆனால் எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் ராஜ்ஜியம், மாமா ஊர் இந்தியா. நடுவில் சுங்கச் சாவடி. ஒரு கீற்றுக் கொட்டகை, குறுக்கே ஒரு மூங்கில், காக்கி போட்ட ஆள் இரண்டு பேர். வண்டியை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, மூட்டையைப் பிரித்து, வைக்கோலில் நீளமான இரும்புக் கம்பியைக் குத்திக் குத்திப் பார்ப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் சீமைச் சாமான் மலிவு. மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா ஏதாவது கொண்டுபோவாள். வாசனைச் சோப்பு, விரல் நீளத்துக்கு ஒரு சென்ட் பாட்டில், மாமன் மகளுக்கு சாட்டின் ரிப்பன். பெரிய கடத்தல் ஒன்றும் இல்லை. ஆனால் கண்டால் பிடுங்கிக்கொள்வார்கள். எட்டு வயசுப் பெண்ணை யாரும் சோதிக்க மாட்டார்கள் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

முதலில் பாவாடைக் கொசுவத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு அதைவிட நல்ல இடம் ஒன்றை நானே கண்டுபிடித்தேன். எங்கள் வண்டியை ஓட்டுகிறவர் பெரியப்பா. வண்டிக்கு அடியில், அச்சு மரத்தில், ஒரு மூங்கில் குழாயைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அதில் மசகு இருக்கும். வைக்கோல் கரியில் ஆமணக்கெண்ணெய் ஊற்றிக் குழைத்த மசகு. சக்கரம் கத்தினால் கடையாணியைக் கழற்றி ஒரு குச்சியால் தொட்டுத் தடவுவார். அந்தக் குழாய்க்கு நடுவில் ஒரு கணு. கணுவுக்கு மேலே மசகு, கணுவுக்குக் கீழே ஒரு சாண் வெறும் பொந்து. பெரியப்பா அந்தக் கீழ்ப்பக்கத்தைக் குனிந்து பார்த்ததே இல்லை. நான் பார்த்தேன். சாமானைத் துணியில் சுற்றி உள்ளே தள்ளி, வைக்கோலை உருட்டி அடைத்துவிடுவேன். காக்கிக்காரர் குழாயைப் பார்ப்பார், மூக்கைச் சுளிப்பார், நகர்ந்துவிடுவார். யாருக்குக் கையைக் கரியாக்கிக்கொள்ள ஆசை?

அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தாள். "ஒளிச்சவ எங்கன்னு சொல்லக் கூடாது, மத்தவங்க கேக்கவும் கூடாது." கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் கண் அந்தப் பக்கம் போகும், கண் போனால் காக்கிக்காரனுக்குப் புரிந்துவிடும். அதனால் நான் எங்கே வைக்கிறேன் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு நானே எடுத்துக் கொடுப்பேன். இடம் தெரிந்தவள் மாமன் மகள் ஒருத்திதான். நான் குழாயிலிருந்து ரிப்பனை உருவும்போது ஒருநாள் பார்த்துவிட்டாள். என்னைவிட ஏழு வயசு மூத்தவள், அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். "உங்க ஊரு ரிப்பன் நல்லாத்தான்டி இருக்கு, தலையில வச்சா வண்டி வாசனை வருது" என்பாள். வாங்கிக்கொள்ளாமல் விட மாட்டாள்.

பிறகு ஒரு ஐப்பசியில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கியது, நம் கொடி ஏறியது. சாவடியில் இருந்தவர்கள் மூங்கிலை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கொட்டகை மட்டும் நின்றது. ஆனால் எங்கள் சனங்களுக்குப் பழக்கம் விடவில்லை. கொட்டகை வந்ததும் பெரியப்பா வண்டியை நிறுத்திவிடுவார். யாரும் வர மாட்டார்கள். ஒரு கனைப்புக் கனைத்து, கொஞ்சம் காத்திருந்து, யாரோ போகச் சொன்ன மாதிரி மாட்டைத் தட்டுவார். அம்மா இடுப்புச் சுருக்குப் பையை உள்ளே தள்ளிக்கொள்வாள். மாடுகளே அந்த இடத்தில் தானாக நின்றன.

அடுத்த வைகாசியில் அண்ணனுக்கும் அந்த மாமன் மகளுக்கும் கல்யாணம் வைத்தார்கள். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்க வேண்டும். மாமா இடுப்பு விழுந்து படுக்கையில் கிடந்ததால், அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று பெண் வீட்டிலேயே பந்தல் போட்டார்கள். மாமா சம்சாரம், எங்கள் அத்தை, அதற்கு முழு மனசோடு தலையாட்டவில்லை. அவளுக்குத் தன் அண்ணன் மகனுக்குப் பெண்ணைக் கொடுக்க ஆசை. மாமா படுத்த இடத்திலிருந்து பிடிவாதம் பிடித்ததால் பேசாமல் இருந்தாள். ஒரு சகுனம் கோணினால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு கல்யாணத்தை நிறுத்திவிடுவாள் என்று அம்மாவுக்குப் பயம். கிளம்புவதற்கு முன்னால் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னாள். "அங்க போயி யாரும் தும்மக்கூடக் கூடாது."

விடிந்தும் விடியாமல் இரண்டு வண்டி கிளம்பியது. பின்வண்டியில் அப்பாவும் அண்ணனும் ஆண்களும். முன்வண்டியில் நாங்கள். அம்மா மடி நிறைய வரிசைத் தட்டு. அதனால் தாலியை முடிந்த மஞ்சள் துணியை என் கையில் கொடுத்தாள். "மடியிலயே வச்சிக்க. யாருகிட்டயும் குடுக்காத." பத்து வயசுப் பெண்ணை நம்பித் தாலியைக் கொடுத்தார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொட்டகை வந்தது. பெரியப்பா நிறுத்தினார். வழக்கமாக ஆள் இல்லாத அந்த இடத்தில், அன்றைக்குப் பார்த்து, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்து வண்டியை நோக்கி வந்தார்.

நான் யோசிக்கவே இல்லை. எல்லோரும் அவரைப் பார்த்த அந்த நிமிஷத்தில் வண்டியின் பின்பக்கமாகக் குதித்து, அடியில் நுழைந்து, வைக்கோல் அடைப்பைப் பிடுங்கி, மஞ்சள் முடிச்சை உள்ளே திணித்தேன். மசகுக் குச்சியால் நன்றாக மேலே குத்தித் தள்ளி, திரும்பவும் அடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டேன். மூச்சு வாங்கியது. உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

"பெரியவரே, நெருப்புப் பொட்டி இருக்கா?" என்றார் காக்கிக்காரர். தோளில் தபால் பை.

வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். "இன்னும் பயம் போவுதா பாரு நமக்கு." என் மடியில் மஞ்சள் முடிச்சு இல்லாததை அவள் பார்க்கவில்லை. அப்போதே இறங்கி எடுத்திருக்கலாம். எடுத்தால் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். போய்ச் சேர்ந்ததும் எடுப்பதுதானே வழக்கம் என்று இருந்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்தோம். ஆரத்தி, சந்தனம், சர்க்கரை என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். அத்தை அம்மாவை மேலும் கீழும் பார்த்து, "வாங்க, பிரெஞ்சுக்காரங்க நேரத்தோட வந்துட்டீங்களே" என்றாள். மாமாவைப் பார்க்க என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வாசலுக்கு ஓடி வந்தபோது எங்கள் வண்டி இல்லை.

"பெரியப்பா எங்க?" என்று ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்ணைக் கேட்டேன்.

"மேளக்காரங்கள அழைச்சாரப் போயிக்கிறாரு. ஆத்தோரம் வந்து நிக்கிறாங்களாம்."

சரி, வந்துவிடுவார் என்று வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பந்தலில் பச்சைப் பந்தற்காலுக்குப் பக்கத்தில் அத்தையின் அண்ணன் மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாழையிலை எண்ணிக்கொண்டிருந்தார். நல்ல உயரம். வெள்ளைச் சட்டை சலவை மொடமொடப்பாக இருந்தது. பந்தி வேலைக்கு யாராவது இப்படிப் புதுச்சட்டை போடுவார்களா என்று அந்த வயசிலேயே எனக்குத் தோன்றியது.

அம்மா வந்தாள். "இருக்குதா?"

"இருக்குது" என்றேன்.

எங்கே என்று அவள் கேட்கவில்லை. சட்டம் அப்படி. "நலங்கு முடிஞ்சதும் கொண்டா. தேங்காமேல வச்சி ஆசீர்வாதம் வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன்.

வண்டி வந்தது. மேளக்காரர்கள் இறங்குவதற்குள் நான் வண்டிக்கு அடியில் இருந்தேன். அச்சு மரத்தில் கயிறு தொங்கியது. குழாய் இல்லை.

"பெரியப்பா, மசகுக் கொழா எங்க?"

அவர் நுகத்தடியை இறக்கிக்கொண்டே என்னை ஒருமாதிரி பார்த்தார். "உனக்கு இன்னாத்துக்குடி அது? ஆத்துல ஒரு கரும்பு வண்டிக்காரன் சக்கரம் கத்திக்கினு நின்னான். குடுத்தேன். நாவ மரத்துல மாட்டிட்டுப் போறேன்னான். திரும்பிப் போவசொல்ல எடுத்துக்கலாம்."

அதுதான் எங்கள் பக்கத்து வண்டிக்காரர்களின் மரியாதை. சக்கரம் கத்துகிறவன் மசகு கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது. வாங்கினவன் வேலை முடிந்ததும் வழியில் இருக்கிற மரத்தில் மாட்டிவிட்டுப் போவான். யாரும் திருட மாட்டார்கள். ஆனால் நாவல் மரம் ஆற்றங்கரையில் இருந்தது. பந்தலில் நலங்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

பெரியப்பாவிடம் சொன்னால் அப்பாவுக்குப் போகும். அப்பாவிடம் போனால் பந்தலுக்கே தெரியும். தாலி வண்டி மசகில் கிடக்கிறது என்று அத்தை காதில் விழுந்தால் போதும். பொன் இல்லாவிட்டால் மஞ்சள் கிழங்கை முடிந்து கட்டலாம்தான், ஏழைபாழைகள் கட்டுவதுண்டு. அன்றைக்கு அந்த வீட்டில் அதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? "தாலியைத் தொலச்சிட்டு வந்தவங்க வூட்டுக்கா என் பொண்ணு?" என்று அத்தை கேட்பது என் காதில் அப்போதே கேட்டது. என் அண்ணன் மணையில் உட்கார்ந்து நெற்றிப் பட்டத்தைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஒரே ஒருத்தியிடம்தான் சொல்ல முடியும். பெண் இருந்த அறைக்குள் நுழைந்தேன். நாலைந்து பெண்கள் அண்ணிக்குச் சடை வைத்துப் பூ தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவள் மடியில் சாய்கிற மாதிரி குனிந்து காதில் சொன்னேன்.

அண்ணி அசையவில்லை. "கொழாயிலயா?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"ம்."

"கொழா எங்க?"

"ஆத்தங்கரை நாவ மரத்துல."

என்னை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். "உன்ன வந்து அப்புறம் வச்சிக்கிறேன்டி" என்றாள். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய், தைத்து முடித்த சடையை ஒரே இழுப்பில் உருவினாள். மல்லிகை பாயெல்லாம் கொட்டியது.

"இன்னாடி பண்ற?" என்று ஒருத்தி அலறினாள்.

"கோணலா இருக்குது. முதல்லேருந்து பின்னுங்க" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணால் கதவைக் காட்டினாள்.

ஓடினேன். கொல்லைப்பக்கமாக இறங்கி, தென்னந்தோப்பைத் தாண்டி, வரப்பு மேலே. பட்டுப் பாவாடை காலைத் தட்டியது, தூக்கிச் சொருகிக்கொண்டேன். பின்னால் மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. கெட்டிமேளம் மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று எந்தச் சாமியை வேண்டினேன் என்று நினைவில்லை. மேளச் சத்தம் கேட்கிற வரைக்கும் நல்லது, நின்றாலும் பயம், வேகமானாலும் பயம். ஆற்று மணல் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது.

நாவல் மரத்தின் தாழ்ந்த கிளையில் குழாய் தொங்கியது. எட்டிப் பிடித்துத் திருப்பினேன். கீழ்ப்பக்கத்தில் வைக்கோல் அடைப்பு இல்லை. பொந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது.

மரத்தடி மணலைக் கையால் அளைந்து பார்த்தேன். நாவல் பழக் கொட்டையும் சருகும்தான். கரும்பு வண்டிச் சக்கரத் தடம் ஆற்றைத் தாண்டி நீளமாகப் போனது. அதில் எங்கே விழுந்திருந்தாலும் நான் எப்படித் தேடுவேன்? குழாயை உலுக்கினேன். சத்தம் இல்லை. விரலை விட்டேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்போதுதான் குச்சியால் மேலே குத்தித் தள்ளியது நினைவு வந்தது. ஒரு சுள்ளியை ஒடித்து உள்ளே விட்டேன். கணுவுக்குக் கீழே மெத்தென்று ஏதோ இடறியது. சுள்ளியால் இழுத்தால் வரவில்லை, இன்னும் இறுகியது.

பெரியப்பா அந்தக் குழாயை எத்தனை வருஷமாக வைத்திருந்தாரோ தெரியாது. கரையில் துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. அதன் மேலே ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் பிளந்தது. மசகு என் பாவாடை, கை, முகம் எல்லாவற்றிலும் தெறித்தது. பிளவுக்குள் மஞ்சள் துணி.

திரும்பி ஓடியது எனக்குச் சரியாக நினைவில்லை. பந்தலுக்குப் பின்பக்கம் வந்தபோது அத்தையின் குரல் பெண் அறை வாசலில் கேட்டது.

"மூணாவது தரமா பின்னிக்கினு இருக்காளாம். பொண்ணுக்கு இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடட்டும். யாரும் அவள கட்டி இழுக்கல."

உள்ளேயிருந்து அண்ணியின் குரல். "இஷ்டம் இல்லன்னு யாரும்மா சொன்னது? சடை கோணலா இருக்குதுன்னுதான் சொன்னேன்."

"நேரம் போவுதுடி."

"கோணச் சடையோட போனா அதுக்கும் நீதான் சகுனம் சொல்லுவ."

பந்தலில் வாழையிலை எண்ணிக்கொண்டிருந்தவர் வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் அம்மா மணைக்குப் பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டிருந்தாள். தட்டில் அரிசி, அதன்மேல் தேங்காய். தேங்காய் மேலே ஒன்றும் இல்லை. ஒரு கிழவர் எட்டிப் பார்த்து, "தாலி எங்கம்மா?" என்று கேட்டார். "வருது" என்றாள் அம்மா. அவள் கை ஆடவில்லை. அந்தக் கையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. இருக்கிறது என்று நான் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் பெண் அறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, நான் பாய்மேல் தவழ்ந்து போய் அவள் முந்தானைக்கு அடியில் முடிச்சை நீட்டினேன். அவள் குனியாமலே வாங்கி, ஒரு கையால் அவிழ்த்து, தேங்காய் மேல் வைத்தாள். துணி மேலெல்லாம் கரி. தாலி சுத்தமாகத்தான் இருந்தது. மஞ்சள் கயிற்றில் மட்டும் துணியின் கரி ஒட்டின இடத்தில் கறுப்பு.

நான் அறைப் பக்கம் திரும்பினேன். கதவிடுக்கில் அண்ணியின் கண் தெரிந்தது. அடுத்த நிமிஷம், "இப்பதான் நேரா இருக்குது" என்று அவள் சொல்வது கேட்டது.

கெட்டிமேளம் கொட்டியது. அண்ணன் கட்டினான். மூன்றாவது முடிச்சைப் போடும்போது அண்ணியின் பிடரியில் கறுப்பாக ஒரு தீற்றல் விழுந்தது. அத்தை கண்ணுக்கு எது தப்பும்?

"இன்னாடி அது கறுப்பா?"

அண்ணி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "திருஷ்டிக்கு வச்சதும்மா. கூட்டத்துல யாரு கண்ணு எப்படியோ."

அத்தை கையிலிருந்த அட்சதையைப் போட்டாள். வெள்ளைச் சட்டைக்காரர் பந்திக்கு இலை போடப் போனார்.

சாயங்காலம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆற்று மணலில் இறங்கியதும் சக்கரம் கத்த ஆரம்பித்தது. பெரியப்பா நாவல் மரத்தடியில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கொழாயக் காணம். கல்லுமேல ஒடச்சிப் போட்டிருக்கான் பாவி. கேட்டான்னு குடுத்தேனே. எந்த ஊருக்காரன்னு தெரியல."

என் பாவாடையில் மசகு காய்ந்து கிடந்ததை அம்மா பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அண்ணியின் பிடரியைப் பார்த்தாள். ஆமணக்கெண்ணெய் வாசனை வண்டி முழுக்க இருந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் அவள்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கொட்டகை வந்தது. மாடுகள் நின்றன. பெரியப்பா கனைத்தார்.

"ஓட்டுங்க" என்றாள் அம்மா. "இங்க யாரும் இல்ல. சாவடி போயி எத்தன மாசம் ஆவுது." இதைச் சொல்லும்போது அவள் பெரியப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

வண்டி நகர்ந்தது. இரண்டு சக்கரமும் ஊர் எல்லை வரைக்கும் கத்திக்கொண்டே வந்தன. வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பெரியப்பா அந்தக் கரும்பு வண்டிக்காரனை வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார். அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். புதுப்பெண் பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று அண்ணன் நினைத்துக்கொண்டு அவளுக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டினான்.